மீனுக்குக் கால்கள் எத்தனை?

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே கேட்டால் தர முடியாது. புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய அன்றே மீனை விட்டால் மீன் மல்லாந்துவிடும். தண்ணீர் பழக வேண்டும், செடி வேர் பிடிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கூடி உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சிரிப்புக்கும் அதே விதிதான். ஆகவே வாசகப் பெருமக்கள் சிரிப்பை வாயிலேயே வைத்துக்கொண்டு, வரிசை கலையாமல், முதலில் ஓர் அலுவலகத்துக்குள் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். செருப்போடு வரலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதே இல்லை.

அது உயிரின விற்பனை உரிம அலுவலகம். ஆடோ, கோழியோ, கிளியோ, மூச்சு விடுகிற எதை விற்பதானாலும் அங்கே போய் ஒரு தாளில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை மேலதிகாரியின் மேசை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்ற எல்லாருக்கும் அவர் ‘பரிசீலனை’. “இன்னிக்கு மழை வருமா சார்?” என்று கேட்டால்கூட, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை ஒரு நிமிஷம் ஆராய்ந்துவிட்டு, “பரிசீலனையில இருக்கு” என்பார்.

ஒருநாள் காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது.

‘பணியாளர்களின் மனம் குளிர்வதை உறுதி செய்யும் பொருட்டு, அனைத்து அலுவலகங்களிலும் உயிருள்ள நீர்ச்செடிகள் அடர்ந்து வளரும் நன்னீர்த் தொட்டி ஒன்று உடனடியாக நிறுவப்பட வேண்டும். அடர்த்தி போதாத அலுவலகங்கள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.’

இதே இடத்திலிருந்துதான் போன வருஷம், நின்றுகொண்டே வேலை செய்யும் மேசைகள் வந்தன. இப்போது அவற்றில் ஈரக் குடைகள் காய்கின்றன. அதற்கு முந்தின வருஷம் புன்னகை வாரம் வந்தது. தட்டச்சருக்குத் தாடை பிடித்துக்கொண்டு மூன்று நாள் விடுப்பில் போனார். ஆனால் இந்த முறை கடைசி வரியைப் படித்ததும் பரிசீலனை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிறந்த தொட்டி வளர்ப்பவருக்கு ‘பசுமை அலுவலர்’ விருது. கூடவே தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறை. பெரிய சன்னலோடு. அவருடைய இப்போதைய சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பதினோரு வருஷமாக அந்தக் குழாயோடுதான் அவர் முகம் பார்த்து வாழ்ந்துவந்தார்.

தொட்டி வந்தது. நாலடி நீளம். மண், கூழாங்கல், மரவேர், கட்டுக்கட்டாகச் செடி. பரிசீலனை உடனே இரண்டு ஆணைகள் போட்டார். ஒன்று, தொட்டி விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும். “இருட்டுல பசுமை எப்படிய்யா தெரியும்?” இரண்டு, வாரம் நாலு சொட்டு என்று எழுதியிருந்த உரப் புட்டியை முழுசாகக் கவிழ்க்க வேண்டும். ஒதுக்கியதைச் செலவழிக்காமல் மிச்சம் வைப்பது அவருக்குப் பிடிக்காது.

ஒன்பதாம் நாள் தொட்டி பச்சையானது. செடி இல்லை, தண்ணீர். கண்ணாடிக்குப் பின்னால் பச்சைப் பெயின்ட்டைக் கரைத்துவைத்ததுபோல.

“பசுமை எய்தப்பட்டதுன்னு குறிப்பு எழுதிக்கோங்க,” என்றார் பரிசீலனை.

தலைமை எழுத்தரம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். “சார், செடியக் காணோம் சார்.”

“உள்ளதான் இருக்கும். எங்க போயிடும்?”

“ரெண்டு மாசத்துல இயக்குநர் மேடம் பார்வையிட வர்றாங்க. அவங்க செடியக் கேட்டா?”

பரிசீலனைக்கு மூன்றாம் மாடிச் சன்னல் மெல்லச் சாத்திக்கொள்வதுபோல இருந்தது.

“மொதல்ல அந்த விளக்க அணைங்க சார்,” என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த பெஞ்சில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது அன்றுதான் அலுவலகத்தின் கவனத்துக்கு வந்தது. நாற்பத்தெட்டு நாளாக உட்கார்ந்திருந்தார்.

அவர் எதிர்த்தெரு மீன்கடைக்காரர். வண்ண மீன், நீர்ச்செடி, கண்ணாடித் தொட்டி விற்பவர். உரிமப் படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தார், ஒன்பதாவதைத் தவிர. ஒன்பதாவது கட்டம்: ‘மேற்படி இடத்தில் வைத்துப் பராமரிக்கப்படும் உயிரினங்களின் மொத்தக் கால்கள்.’

“மீனுக்குக் கால் இல்லீங்களே சார்,” என்று அவர் முதல் நாளே சொன்னார்.

“அதை எண்ணிக்கையில எழுதுங்க.”

பூஜ்யம் எழுதினார். பூஜ்யம் போட்ட கட்டத்தைக் காலிக் கட்டம் என்று கம்ப்யூட்டர் திருப்பியது.

“அப்ப நாலுன்னு போட்டுக்கட்டுமா சார்?”

“பொய்த் தகவல் குடுத்தா குற்றம்,” என்று பரிசீலனை கடையைப் பூட்டிச் சீல் வைத்தார். விதி தெளிவாக இருந்தது: சீல் வைத்த கடையில் உள்ளே இருப்பது இருந்தபடி இருக்கும், தீனிக்கு மட்டும் தினம் ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்காகத்தான் அவர் தினமும் வந்தார். காவலாளி கூடப் போய்ப் பின்கதவைப் பத்து நிமிஷம் திறந்துவிடுவார். தீனி போடலாம். தண்ணீர் மாற்றக் கூடாது. விதியில் தீனி என்றுதான் இருந்தது, தண்ணீர் என்று இல்லை. தண்ணீர் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டு வந்தது. தினம் ஒன்றிரண்டு மீன்கள் மேலே மிதந்தன. எல்லாம் மிதப்பதற்குள் எப்படியாவது அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு நினைப்பே இல்லை.

“விளக்கு எட்டு மணி நேரம் போதும் சார். வாரம் மூணுல ஒரு பங்கு தண்ணிய மாத்தணும். ஆனா அதெல்லாம் அப்புறம். இந்தத் தொட்டிக்குள்ள இன்னும் ஆபீஸே ஆரம்பிக்கல.”

“என்ன ஆபீஸ்?” ஆபீஸ் என்றதும் பரிசீலனையின் காது விறைத்தது.

“கிருமிங்க சார். மீன் கழிவுல நஞ்சு வரும். மொத செக்‌ஷன் கிருமி அதை எடுத்து வேற ஒன்னா மாத்தி அடுத்த செக்‌ஷனுக்குத் தள்ளும். அதுவும் நஞ்சுதான். ரெண்டாவது செக்‌ஷன் அதைச் செடிக்கு உரமா மாத்திக் குடுக்கும்.”

“மேற்பார்வை யாரு?”

“யாருமில்ல சார்.”

“விடுப்பு?”

“எடுக்காது சார்.”

“அப்புறம் எப்படிய்யா வேலை நடக்குது?” என்று பரிசீலனை உண்மையான வியப்போடு கேட்டார்.

“புதுசா ஆளெடுத்தா நாற்பது நாள் ஆகும். எங்க கடைத் தொட்டி வடிகட்டிப் பஞ்சுல அனுபவமுள்ள கிருமி லட்சக்கணக்குல சும்மா உக்காந்திருக்கு. அதுங்களுக்கு நீங்க ஒரு மாற்றல் ஆணை போட்டீங்கன்னா…”

மாற்றல் ஆணை! பரிசீலனையின் கை தானாகப் பேனாவைத் தேடியது. ‘பொதுநலன் கருதி, கீழ்க்காணும் கிருமிகள் மேற்படி சீலிடப்பட்ட கடையிலிருந்து இவ்வலுவலகத் தொட்டிக்கு உடனடியாக மாற்றப்படுகின்றன. குடும்பத்தோடு வரலாம்.’ சீல் உடைத்தார்கள், பஞ்சை எடுத்தார்கள், மறுபடி சீல் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் தண்ணீர் கண்ணாடியானது.

பிறகு மீன்கடைக்காரர் ஒன்றொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அவர் கேட்கும் விதம் பரிசீலனைக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நாற்பத்தெட்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதில் அந்த மனிதருக்கு ஆபீஸ் பாஷை அச்சாக வந்துவிட்டிருந்தது.

“சார், புதுச் செடிய நேரா உள்ள விடக்கூடாது. தனியா ஒரு தொட்டியில காக்க வைக்கணும்.”

“காக்க வைக்கணுமா? அவசியம் வைக்கணும்.” இரண்டாவது தொட்டி வந்தது.

“வெட்டின தண்டை நட்டா அதுவும் தனிச் செடி சார். நகல் எடுக்கற மாதிரி.”

“நகல் இல்லாம எப்படி?” மூன்றாவது, நான்காவது.

“பாசி திங்கிற மீன் ஒரே தொட்டியில இருந்தா பழகிப்போய் வேலை செய்யாது சார். சுழற்சி முறையில…” ஐந்து, ஆறு, ஏழு.

ஒவ்வொரு தடவையும் சீலை உடைத்து, ஒரு தொட்டியை மீனோடு தூக்கிவந்து, மறுபடி அரக்கை உருக்கிச் சீல் வைத்தார்கள். பதினோராவது தடவை, கடைக் கதவில் பூட்டைவிட அரக்கு பெரிதாக இருந்தது. உள்ளே ஒரு ஸ்டூலும் ஒரு பழைய பலகையும்தான் மிச்சம். “வெயில் நேரா விழுந்தா பாசி பிடிக்கும் சார், அந்தப் பலகைய வாசலுக்கு மேல மாட்டினா நிழலுக்கு ஆகும்,” என்றார். மாட்டினார்கள். ‘வண்ண மீன் நிலையம்’ என்று எழுதியிருந்தது. பரிசீலனைக்கு அது பொருத்தமாகவே பட்டது.

அலுவலகத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, வந்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப்போனார்கள். கையில் தண்ணீரும் காற்றும் நிரப்பிய பை, பைக்குள் மீன்.

“அதெல்லாம் எங்க போகுது?” என்று ஒருநாள் கேட்டார் பரிசீலனை.

“வெளிப்பணிக்குப் போகுது சார்.”

“திரும்பி வரலியே?”

“வெளிப்பணிக்குப் போனா யாரு சார் திரும்பி வர்றாங்க?”

பரிசீலனை போன வருஷம் வெளிப்பணிக்குப் போன இரண்டு எழுத்தர்களை நினைத்துப் பார்த்தார். நியாயமாகத்தான் இருந்தது.

நாளாக ஆக அவரே சன்னல் பக்கத்து மேசையை விட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தார். “ஐயா, இதுக்குத் தீனி எத்தனை வேளை?” என்று ஓர் அம்மா கேட்டால், “ஒரு வேளைதாம்மா. அதிகமாப் போட்டா தண்ணி கலங்கிடும். ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு,” என்று விரல் நுனியில் காட்டினார். குறை கேட்கும் பணியில் இத்தனை இன்பம் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் வீணாகிவிட்டதே என்று வீட்டில் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

பார்வையிடும் நாள் வந்தது. இயக்குநர் அம்மையார் உள்ளே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். நாலடித் தொட்டியின் முன்பக்கம் விரல் நக உயரத்தில் புல்தரையாகச் செடி விரிந்திருந்தது. மரவேர் பாசிப் போர்வை போர்த்தியிருந்தது. அதற்குப் பின்னால் சிவப்புத் தண்டுச்செடிகள் தோளோடு தோள் நின்றன. இலை நுனியெல்லாம் முத்து முத்தாகக் காற்றுக்குமிழி. நடுவே நீலக்கோடு மீன்கள் ஒரே வீச்சில் திரும்பின.

“பிரமாதம்,” என்றார் அம்மையார். “அதுல ரெண்டு குடுங்க.”

மீன்கடைக்காரர் நொடியில் பையில் போட்டு நீட்டினார். பரிசீலனைக்கு மூன்றாம் மாடிக் காற்று முகத்தில் அடித்தது.

“எல்லாம் சரி. உரிமத்த எங்க மாட்டியிருக்கீங்க? வர்றவங்க கண்ணுல படணுமே?”

“எந்த உரிமம் மேடம்?”

“கடைக்கு.”

“எந்தக் கடை மேடம்?”

அம்மையார் வாசல் பலகையைப் பார்த்தார். பதினோரு தொட்டிகளைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு மீன்கடைக்காரரைப் பார்த்தார்.

“பரிசீலனையில இருக்குங்க மேடம்,” என்றார் அவர் பணிவாக.

“உரிமம் இல்லாத கடைய நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று அம்மையார் பரிசீலனையிடம் திரும்பினார்.

இந்தக் கேள்விக்கு அவருக்குத் தூக்கத்திலும் பதில் வரும். “சீல் வைப்போம் மேடம்!”

“உள்ள இருக்கறது?”

“இருந்தது இருந்தபடி இருக்கும். தீனிக்கு மட்டும் தினச்சீட்டு!”

“நல்லது. வைங்க.”

“காவலாளி! அரக்கு எடுத்துட்டு வாய்யா,” என்று குரல் கொடுத்தார் பரிசீலனை.

“சார்,” என்றார் தலைமை எழுத்தரம்மா மெதுவாக. “நாம உள்ள இருக்கோம்.”

பரிசீலனைக்கு ஏதோ புரிவதுபோல இருந்தது, முழுசாகப் புரியவில்லை. ஆனால் கை முந்திக்கொண்டது. இழுப்பறை திறந்தது, முத்திரை வெளியே வந்தது, மூன்று மாதம் நகராத மீன்கடைக் கோப்பு மூன்று நிமிஷத்தில் மேசைக்கு வந்தது. எல்லாக் கட்டமும் சரி. ஒன்பதாவது காலி.

“கால்கள் எத்தனை சார்?”

“மீனுக்கு ஏதும்மா காலு?” என்று கத்தினார் பரிசீலனை.

“பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது சார்.”

“நாலுன்னு போட்டுத் தொலைங்க!”

“பொய்த் தகவல் குடுத்தா குற்றம் சார்,” என்றார்கள் தலைமை எழுத்தரம்மாவும் மீன்கடைக்காரரும் ஒரே குரலில்.

எழுத்தரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை நிதானமாகப் படித்தார். “‘மேற்படி இடத்தில் வைத்துப் பராமரிக்கப்படும் உயிரினங்கள்.’ மீன்னு போடலியே சார், உயிரினம்னுதான் போட்டிருக்கு.” அவர் குனிந்து மேசைகளுக்கு அடியில் எண்ண ஆரம்பித்தார். “தட்டச்சர் ரெண்டு. எழுத்தருங்க நாலு. என்னோடது ரெண்டு. காவலாளி வாசலுக்கு வெளிய நிக்கிறாரு, சேராது. கடைக்காரரு பராமரிக்கிறவரு, அவரும் சேராது. மேடம்…”

“நான் வாடிக்கையாளர்,” என்றார் இயக்குநர் அவசரமாக.

“சார் ரெண்டு. ஆக மொத்தம் பத்து.” தட்டினார். கம்ப்யூட்டர் சந்தோஷமாக ஒரு ‘டிங்’ போட்டு ஏற்றுக்கொண்டது. “பத்தாவது கட்டம்: இவற்றுக்குத் தினசரித் தீனி என்ன?”

“ரெண்டு வேளை காபிங்க,” என்றார் மீன்கடைக்காரர் யோசிக்காமலே. நாற்பத்தெட்டு நாள் பெஞ்சிலிருந்து பார்த்தவர் அல்லவா. “அதிகமாப் போட்டா கலங்கிடும்.”

அப்போதுதான் பரிசீலனைக்கு எல்லாம் புரிந்தது. பலகை, பை, வெளிப்பணி, கிருமி, பத்து. இரண்டு கால்களையும் மெதுவாகத் தூக்கி நாற்காலியின் மேல் மடித்து வைத்துக்கொண்டார். அப்படியே கொஞ்ச நேரம் தொட்டிக்குள் வெறித்துப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, முதலிலிருந்தே வரிசை கலையாமல் செருப்போடு உள்ளே வந்து, சிரிப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் பக்கம் விரலை நீட்டினார்.

“பத்துன்னு முடிக்காதீங்கம்மா,” என்றார். “அவங்களும் உள்ளதான் இருக்காங்க. எண்ணுங்க.”