பிரிவு ஏழும் எங்கள் பதினோரு பேரும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். விசாரித்து எழுத இன்றைக்குப் பொறுமை இல்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிறேனடா. ஆனால் முதலில் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. அதை முடித்துவிட்டுச் சந்தோஷத்துக்கு வருகிறேன்.

தலைநகரில் சட்டத் துறையில் உட்கார்ந்து நீ வரைவு எழுதிக் கொடுத்த பொதுப் பாதுகாப்பு மசோதா சட்டமன்றத்தில் இன்னும் நிறைவேறவில்லை. அதற்குள் கருத்துச் சொல்லுங்கள் என்று எங்கள் நகர மன்றத்துக்கும் ஒரு பிரதி வந்தது. செயலாளர் நான் என்பதால் பிரித்துப் படித்தவளும் நான்தான். பிரிவு ஏழு உன் கைவேலை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒரே வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடி, நடுவில் மூன்று ‘எனினும்’ போட்டு, கடைசியில்தான் மூச்சு விடுகிறது. பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதத்தையே நீ அப்படித்தானே எழுதுவாய்! ஒவ்வொரு மன்றமும் எட்டுப் பேர் கொண்ட மீட்புக் குழு, ஒரு கட்டுப்பாட்டு அறை, ஊர் முழுக்கக் கேட்கும் அபாயச் சங்கு, மாதம் ஒரு ஒத்திகை, ஒத்திகை முடிவில் தலை எண்ணிக்கை, எல்லாம் வைத்திருக்க வேண்டுமாம். இல்லாத மன்றத்தின் பாதுகாப்புப் பொறுப்பு பக்கத்துப் பெரிய நகராட்சிக்குப் போய்விடுமாம். எங்களிடம் மொத்தமே பதினோரு பேர், தம்பி. நான், இரண்டு எழுத்தர்கள், தண்ணீர்த் தொட்டிக்காரர், தெருவிளக்குக்காரர், துப்புரவுப் பிரிவில் ஆறு பேர். எட்டுப் பேர் மீட்கப் போனால் மிச்சம் மூன்று பேர் ஊரை நடத்த வேண்டும்.

எங்கள் தலைவர் டயர்க் கடை வைத்திருப்பவர். நான் படித்துக் காட்டியதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “என்னது, நம்ம ஊர்த் தீய அவங்க வந்து அணைக்கிறதா? அதுக்கு எரிஞ்சே போயிடலாம்! செயலாளரம்மா, எதிர்த்து ஒரு கடிதம் போடுங்க, அது ஒரு பக்கம். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே நாம செஞ்சு காட்டிடுவோம், அது இன்னொரு பக்கம்” என்றார். எதிர்த்து ஒன்பது பக்கம் எழுதினேன். தலை எண்ணிக்கையை ‘பொருளற்ற சடங்கு’ என்று நானே என் கையால் எழுதி, சனிக்கிழமைத் தபாலில் சேர்த்தேன். கட்டுப்பாட்டு அறைக்குத் தனி அறை ஏது? பிறப்புப் பதிவு அறைக்கு வெளியே இன்னொரு பலகையை மாட்டி, தெருவிளக்குக்காரரை உள்ளே உட்கார வைத்தோம். முதல் நாளே ஒருவர் ஓடி வந்தார். இவர் எழுந்து நின்று, “பதறாதீங்க, என்ன நடந்துச்சு?” என்று கேட்க, அவர், “பொண்ணுங்க” என்றிருக்கிறார். “எத்தனை பேருக்கு அடி?” என்று கேட்டு, அதைப் பதிவேட்டிலும் எழுதிவிட்டார். சங்குக்கு, மூடிப்போன நூல் ஆலையின் சங்கைக் கேட்டு வாங்கி மாட்டினோம். அதை ஊதிப் பார்த்த காலையில், ஓய்வுபெற்ற ஆலைக்காரர் ஒருவர் பாதிச் சவரத்தோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் மனைவி வந்து என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

இப்போது கேள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஒத்திகை. மாடியில் புகையில் மயங்கி விழ ஓர் ஆள் வேண்டும். துணைத்தலைவர் தானே முன்வந்தார். மருந்துக் கடைக்காரர், ஆள் நல்ல பருமன். அவரும் தலைவரும் இரண்டு வருஷமாக நேருக்கு நேர் பேசுவதில்லை. கூட்டத்தில்கூட எல்லாம் என் வழியாகத்தான். சங்கு ஊதியது. தூக்குப்படுக்கையில் அவரைக் கிடத்தி, ஆர்வம் தாங்காமல் தலைவரே தலைமாட்டைப் பிடித்துக்கொள்ள, நான்கு பேர் இறங்கினார்கள். படிக்கட்டின் திருப்பத்தில் படுக்கை சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தலைவர், “மூச்ச உள்ள இழுக்கச் சொல்லுங்கம்மா!” என்கிறார். படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, “நான் மயங்கிக் கிடக்கேன்னு அவர்கிட்ட சொல்லுங்கம்மா!” என்கிறார். நடுப்படியில் நின்று இரண்டு பக்கமும் செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலில் துப்புரவு மேற்பார்வையாளர் தலை எண்ணிக்கொண்டிருந்தாள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவள், ஆனால் எண்ணினால் எண்ணியதுதான். “அம்மா, ஒரு தலை குறையுது!” என்று அங்கிருந்தே கத்தினாள்.

“துணைத்தலைவர் இங்க மாட்டிக்கிட்டிருக்கார், அவரையும் சேர்த்துக்கோ!”

“அவரச் சேர்த்துத்தாம்மா குறையுது!”

சொல்லிவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே ஓடினாள். பின்பக்கம் பழைய கோப்புகள் இருக்கும் அறையை அவள் திறந்ததும் கரும்புகை குபுகுபுவென்று வந்தது. நிஜப் புகை, தம்பி! மின்பலகை உருகி, அடியில் இருந்த கோப்புக் கட்டுகளில் தீ பிடித்திருந்தது. கடைசி மூலையில் எங்கள் மூத்த எழுத்தர். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. சங்கும் கேட்கவில்லை, எங்கள் கூச்சலும் கேட்கவில்லை. யாரோ வெளியே குப்பை கொளுத்துகிறார்கள் என்று முதலில் நினைத்தாராம். பிறகு மூச்சு முட்டி, வழி தெரியாமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்காரர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அவரை முதுகில் சுமந்து வந்தார். ‘தீ’ என்ற சத்தம் கேட்டதும் மயங்கிக் கிடந்த துணைத்தலைவர் கைப்பிடியைத் தாண்டிக் குதித்தார் பார், அந்த உடம்பு அப்படிக் குதிக்கும் என்று யாருக்குத் தெரியும்! தெருவிளக்குக்காரர் மின்சாரத்தை நிறுத்தினார். ஒத்திகைக்கு நிரப்பி வைத்திருந்த மணல் வாளிகள் கைமாறிக் கைமாறிப் போயின. “வாளி!” என்று தலைவர் கத்த, “இந்தாங்க!” என்று துணைத்தலைவர் நேரிலேயே நீட்டினார். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. ஆறே நிமிஷம். தீ அடங்கிவிட்டது.

மூத்த எழுத்தர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, தன்னைத் தேடி வந்தது யார் என்று கேட்டார். அவளைக் காட்டினேன். “முப்பத்து நாலு வருஷமா கோப்பத் தேடித்தாம்மா அந்த ரூமுக்கு ஆள் வரும். என்னத் தேடி இன்னைக்குத்தான் ஒருத்தி வந்திருக்கா” என்றார். அவள், “எண்ணிக்கை சரியா வரணும்ல சார்” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அப்போது அழவில்லை. வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொல்லும்போதுதான் அழுதேன்.

ஆகவே தம்பி, திட்டியதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எங்கள் ஒன்பது பக்கக் கடிதம் அங்கே வந்தால், செயலாளராக நான் இதைக் கேட்கக் கூடாது, அக்காவாகக் கேட்கிறேன், அதை எங்கேயாவது தொலைத்துவிடு. பிரிவு ஏழில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாதே. அந்த மூன்று ‘எனினும்’ அப்படியே இருக்கட்டும். மசோதா நிறைவேறட்டும். உன் பேனாவுக்கு மை குறையாமல், உன் மனைவிக்கு உன்மேல் பொறுமை குறையாமல், நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் துறையிலிருந்து திருத்திய வரைவு வந்து சேர்ந்தது. ‘பக்கத்துப் பெரிய நகராட்சி’ என்பதை அடித்துவிட்டு, ‘ஏற்பாடுகள் முழுமையாக உள்ள மிக அருகிலுள்ள மன்றம்’ என்று போட்டிருக்கிறாயே, பாவி! பக்கத்து நகராட்சியில் அறுபதாயிரம் பேர். அவர்கள் ஒரு மணல் வாளிகூட வாங்கவில்லை. இந்த வட்டாரத்திலேயே எல்லாம் வைத்திருப்பது நாங்கள்தான். மேலே எழுதியது எதையும் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. அந்த ஒன்பது பக்கத்தைத் தேடி எடுத்து அமைச்சர் மேஜையிலேயே வை. சட்டம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தலைவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. பக்கத்து நகராட்சித் தலைவர். குரலில் என்ன பணிவு! “அம்மா, வணக்கம். இங்க ஒரு பஞ்சுக் கிடங்குல லேசாப் புகை வருது. உங்க எட்டுப் பேரும் எப்ப வர்றீங்க?”