சீமை வசம்பும் ஒரு துண்டுச் சீட்டும்

கும்மிடிப்பூண்டிக்கு இங்கிலீஷ் வந்த கதை தெரியுமா? கப்பலில் வரவில்லை. பள்ளிக்கூடம் வழியாகவும் வரவில்லை. வசம்புக் கட்டையில் வந்தது! குழந்தைக்குப் பேச்சு வர நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள் அல்லவா? ஊருக்கு வந்த சாமியார் ஒருவர் தேய்த்தது சீமை வசம்பு. மூன்று செவ்வாய்க்கிழமை தேய்த்தால் இங்கிலீஷ் தானாகக் கொட்டுமாம். காணிக்கை வாரம் ஒரு சேவல். முற்றும் துறந்தவர், பாவம், சேவலை மட்டும் துறக்க மறந்துவிட்டார்.

எழுபத்து நான்காம் வருஷம் அது. இங்கிலீஷில் இருந்த அபாயப் பலகையை வாசிக்கத் தெரியாத ஒருவர் இயந்திரத்தில் இரண்டு விரலை இழந்த பிறகு, ஊர்த் தொழிற்சாலையில் பரீட்சை வைத்தார்கள். போர்மன் இங்கிலீஷில் ஒரு சீட்டு கொடுப்பார். அதில் உள்ளபடி செய்தால் மெஷின் வேலை நிரந்தரம். விழித்தால் மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான்.

அங்கே வேலை பார்த்த சின்னதுரைக்கு, மூன்றாவது செவ்வாய் கழிந்து வரும் திங்கட்கிழமை பரீட்சை. அவன் மனைவி ரோசம்மாள் அதே தொழிற்சாலை ஸ்டோரில் பெட்டிகளின் மேலுள்ள இங்கிலீஷை வாசித்து அடுக்குபவள். தினம் பத்து வார்த்தை சொல்லித் தருகிறேன் என்று நோட்டு வாங்கி வைத்தாள். அவனோ நோட்டைத் தொடாமல், நாக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாவது செவ்வாயன்று அவளும் போனாள், சேவலுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டோடு.

"சாமி, போர்மன் குடுக்கிற மாதிரியே இங்கிலீஷ்ல எயுதிக்கினு வந்துகிறேன். நீங்க பட்ச்சு சொன்னா மனசு ஆறும்."

சாமியார் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உதட்டை அசைத்தார். நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நல்ல சேதிதாம்மா. உன் ஊட்டுக்காரனுக்கு வேலை நிச்சயம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரோசம்மாள் சீட்டைத் திரும்ப வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"நாற்காலி அடியில தேள் கீது, உடனே எய்ந்திருன்னு எயுதிகீது."

சாமியார் குதித்த குதியில் வசம்பு ஒரு பக்கம் பறந்தது, சேவல்கள் மறுபக்கம் பறந்தன. இங்கிலீஷில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் தமிழில் எழுந்துவிட்டார்! முதலில் சிரித்தவன் சின்னதுரைதான். சிரித்து முடித்து, துண்டால் நாக்கைத் துடைத்துக்கொண்டு, நோட்டு எங்கே என்று கேட்டான். ஆறு நாளில் அறுபது வார்த்தை படித்தான். திங்கட்கிழமை சீட்டு, விசையை அணைத்துவிட்டு விலகி நிற்கச் சொன்னது. அணைத்தான், விலகி நின்றான். வேலை நிரந்தரமானது.

அந்தச் செவ்வாயன்று இன்னொன்றும் நடந்தது. தேளுக்குப் பயந்து கூட்டமும் தெறித்து ஓடியிருந்தது. ரோசம்மாள் மட்டும் நகராமல், தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு நாற்காலியைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒன்றுமில்லை.

"இத்தினி பேர்ல ஒருத்தராவது குனிஞ்சு பாத்தீங்களா?"

தேள் என்றால் ஓடுகிறோம். இங்கிலீஷ் வரும் என்றால் நாக்கை நீட்டுகிறோம். நாக்குக்கு மேலே மூளை என்று ஒன்று சும்மாதானே கிடக்கிறது? அதையும் ஒரு நாள் தேய்த்துப் பாருங்களேன்!