வெள்ளிக்கிழமையைக் காப்பாத்தப் போன கதை

மொதல்லயே சொல்லிடறேன். எங்க ஏரியா அரசுப் பள்ளியில அன்னைக்கு நான் பேசின மாதிரி இதுவரைக்கும் ஒருத்தரும் பேசினதில்ல. கைதட்டல் காத்துலயே ஃபேன் சுத்துச்சு!

விஷயம் என்னன்னா, ஸ்கூலை வாரத்துக்கு நாலு நாளாக் குறைச்சு, வெள்ளிக்கிழமை லீவு விடலாமான்னு பெத்தவங்களைக் கேக்கப் போறாங்கன்னு நோட்டீஸ் வந்துச்சு. பெத்தவங்க கூட்டத் தேதியை உடனே குறிச்சு வெச்சேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வாரலீவு வெள்ளி. மனைவி அதே ஸ்கூல்ல நாலாங்கிளாஸ் டீச்சர். மகளும் அங்கதான் படிக்குது. எட்டு மணிக்கு ரெண்டு பேரும் கிளம்பினா நாலு மணி வரைக்கும் வீட்ல நானும் சோபாவும்தான். எட்டு மணி நேர சுயராஜ்யம்! விட்டுக்கொடுப்பேனா?

இருங்க, கூப்பிடறாங்க.

வந்துட்டேன். ஆங், மனைவிகிட்ட நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

"கூட்டத்துல நான் இதை எதிர்த்துப் பேசப் போறேன்."

"ஏங்க?"

"பிள்ளைங்க படிப்பு என்னத்துக்கு ஆகும்?"

"படிப்பா? மக என்ன கிளாஸ்னு சொல்லுங்க பார்ப்போம்."

"மூணு... இல்ல, நாலு?"

"அஞ்சு."

"அதான் சொல்றேன், வேகமாப் படிக்குது! அதைக் கெடுக்கலாமா?"

சண்டை வரும்னு பார்த்தா, சிரிச்சுக்கிட்டே பேப்பரும் பேனாவும் கொண்டு வந்து வெச்சா. "நல்லாப் பேசுங்க. நானே எழுதித் தரேன்." என்ன பெருந்தன்மை! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

"வேலைக்குப் போற பெத்தவங்க பிள்ளைங்களை வெள்ளிக்கிழமை யார் பார்த்துப்பாங்க?" இது என் பாயிண்ட்.

"பிரமாதம்ங்க! கடைசியா ஒரு வரி சேர்த்துக்கலாமா? 'பொறுப்பான ஒரு ஆள் கிடைச்சா, இந்தத் திட்டத்துக்கு நானே மொதல்ல கை தூக்குவேன். கிடைப்பாரா?' சும்மா அதிரும்!"

அதிர்ந்துச்சு. கூட்டத்துல அந்த வரியைச் சொல்லி முடிச்சேன். அப்ப தலைமையாசிரியை எந்திரிச்சாங்க.

"கிடைச்சுட்டார்! வெள்ளிக்கிழமை லீவுள்ள, குழந்தைங்க படிப்பு மேல உயிரையே வெச்சிருக்கற ஒருத்தர். நேத்தே அவர் மனைவி எழுதிக் கொடுத்துட்டாங்க. சார், நீங்கதான்!"

கைதட்டல்னா கைதட்டல்! ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "உங்களை மாதிரி ஒரு அப்பா உண்டாண்ணே?"ன்னாங்க. அதுக்கப்புறம் எப்படிங்க மாட்டேன்னு சொல்றது? மொதல் கை என்னோடதுதான். கம்பீரமாத் தூக்கினேன்.

இருங்க, யாரோ பசையைக் கொட்டிட்டாங்க.

திட்டம் வந்து இன்னைக்கு மூணாவது வெள்ளி. பதினாலு பிள்ளைங்க. கப்பி, கயிறு, வாளி வெச்சு லிஃப்ட் எப்படி ஏறுதுன்னு காட்டினேன். ஒரு வாண்டு, "டீச்சரை விட நீங்க சூப்பர் மாமா"ன்னுச்சு! சோபால ஒம்பது பேர் உக்காந்திருக்காங்க. எனக்கு வாசப்படி.

காலையில டிரைவிங் கிளாசுக்குக் கிளம்பின மனைவிகிட்ட மீசையை முறுக்கிக் கேட்டேன்: "பதினாலு பேரை ஒத்தை ஆளாப் பார்த்துக்கறேனே, எப்படி?"

வருகைப் பதிவேட்டை மககிட்ட கொடுத்துட்டே சொன்னா: "உங்களைத் தனியா விட்டுட்டுப் போகத்தாங்க இத்தனை நாள் பயமா இருந்துச்சு. இப்ப பார்த்துக்கப் பதினாலு பேர் இருக்காங்க."

வாங்கிப் பார்த்தேன். பதினஞ்சாவது பேரு என்னோடது.