திருகாணி அண்ணன் சேர்த்த கம்ப்யூட்டர்

சிவகங்கை மாவட்டத்தில் திருகாணி அண்ணனால் பிரிக்க முடியாத பொருள் ஒன்று உண்டென்றால் அது இட்லிதான். அதில் திருகு கிடையாது. மற்றபடி சுவர்க் கடிகாரம், மிக்சி, தண்ணீர் மோட்டார், தையல் மிஷின் என்று அவர் கைக்கு எட்டிய எதுவும் முழுசாகத் தப்பியதில்லை. பிரிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திருப்பிச் சேர்ப்பதில்தான் கோளாறு. அப்படியே தட்டுத் தடுமாறிச் சேர்த்துவிட்டாலும் உள்ளங்கையில் நாலைந்து திருகாணி மிச்சமிருக்கும். "கம்பெனிக்காரன் தேவையில்லாமப் போட்டிருக்கான் தம்பி" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. மேசை மேல் பெயர்ப்பலகைகூட இருந்ததாம். ஒரு நாள் அதைத் துடைக்கிறேன் என்று கழற்றினார், அதோடு சரி. மற்றவர்கள் பேனா செருகுகிற இடத்தில் அவர் டெஸ்டர் செருகியிருப்பார்.

வங்கி வேலையில் மாற்றலாகி நான் காரைக்குடிக்குப் போனபோது அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். குடிபோன முதல் வாரமே என் டேபிள் ஃபேன் கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டது. கூப்பிடாமலே அண்ணன் படியேறி வந்தார்.

"குடுங்க தம்பி. சாயங்காலம் வந்து வாங்கிக்கிருங்க."

எந்த வருஷத்துச் சாயங்காலம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோடை முழுவதும் பத்திரிகை அட்டையால் விசிறிக்கொண்டு கிடந்தேன். ஃபேன் கீழே ஒரு அட்டைப் பெட்டியில் பாகம் பாகமாக நிம்மதியாகத் தூங்கியது.

அவர் மனைவி சரசு அக்கா விவரமானவர். மிக்சியைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார். நகை அதுபாட்டுக்கு அலமாரியில் கிடக்கும். "நகையை இவுக தொடமாட்டாக தம்பி, அதுல மோட்டார் இல்ல" என்பார்.

இந்த வீட்டில் சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் ஒன்றே ஒன்று. அது மகள் கார்த்திகா.

கார்த்திகா பள்ளிக்கூடம் படித்தபோது வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் அப்பாவும் மகளும் கார் பந்தயம் விளையாடுவார்களாம். மகள் ஸ்டியரிங், அப்பா பிரேக். ஒரு லீவு நாளில் அண்ணன் தூசி தட்டுகிறேன் என்று அதன் வயிற்றைத் திறந்தார். மறுபடி அது கண் விழிக்கவே இல்லை. "உங்களுக்குப் பிரிக்க மட்டுந்தாம்ப்பா தெரியும்" என்று பிள்ளை அழுதிருக்கிறாள். வளர்ந்து, படித்து, புனேயில் வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த அருள் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணன் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வேறு. அருள் வீட்டார் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாணம் அங்கேயே பதிவு அலுவலகத்தில் நடந்தது. இவர் போகவில்லை, அக்காவையும் விடவில்லை. வருஷம் ஒன்று ஓடிவிட்டது.

அக்கா தினம் மகளோடு போனில் பேசுவார். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து எதையாவது பிரித்துக்கொண்டிருப்பார். கை மட்டும்தான் வேலை செய்யும், காது போனில் இருக்கும். ஒரு நாள் நான் வாடகை கொடுக்கப் போயிருந்தபோது அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அப்பா எங்கிட்ட பேச வேணாம்மா. நெட்டுல வெளையாட வந்தாப் போதும். நல்ல கேமிங் கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கச் சொல்லு. நானும் அருளும் சாயங்காலமானா வெளையாடுறோம். எங்க அணியில ஒரு ஆளு குறையுது" என்றாள் கார்த்திகா.

அண்ணன் கையிலிருந்த டார்ச் லைட்டின் மூடி தரையில் உருண்டு ஓடியது. அவர் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மாடிக்கு வந்துவிட்டார்.

"தம்பி, கேமிங் கம்ப்யூட்டர்னா முழுசா வாங்குறதா, சாமான் வாங்கி நம்மளே சேக்குறதா?"

வாயில் நுரையோடு நான் சொன்னேன்: "முழுசா வாங்கிருங்கண்ணே."

தெருவே அதைத்தான் சொன்னது. பால்காரர் சொன்னார். அண்ணன் ஆபீஸில் எல்லாரும் சொன்னார்கள். ஊரே ஒரு பக்கம் நின்றதும் அண்ணனுக்கு வைராக்கியம் வந்துவிட்டது. "எம் மக சொன்ன சொல்லு ஒண்ணு பாக்கி இருக்கு. சேத்துத்தான் காட்டுவேன்" என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தயாராக அடைத்து வைத்த ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் ஓடின. கல்யாண மண்டப வாசல் தோற்றது. அண்ணன் அதைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார்.

"இதைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுறீகளா?"

"பிரிச்சா வாரண்டி போயிரும் சார்."

"அப்ப உள்ள இருக்கிறவுக யாரு, என்ன குணம், ஒண்ணுந் தெரியாம நான் எப்படி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

சண்டை வீட்டில் முற்றியது. சரசு அக்காவுக்கு அவசரம். மகள் கூப்பிட்ட சூட்டோடு மனுஷர் போய் உட்கார வேண்டும், இவர் சேர்க்கிறேன் என்று ஆரம்பித்தால் பேரன் பிறந்து காலேஜுக்குப் போய்விடுவான் என்பது அவர் கணக்கு. கடைசியில், "குன்றக்குடிக்குப் போவோம். முருகன்கிட்டப் பூக்கட்டிப் பாப்போம். வெள்ளைப் பூ வந்தா வாங்கணும், செவப்பு வந்தா நீங்க சேத்துக்கிருங்க" என்றார். பெண் கொடுக்கவும் நிலம் வாங்கவும் அந்தப் பக்கம் சாமியிடம் பூக்கட்டிக் கேட்பதுண்டு. கிராபிக்ஸ் கார்டுக்காகக் கேட்டது, எனக்குத் தெரிந்து, இவர்கள்தான்.

மலையேறினோம். வெள்ளைப் பூ ஒன்றில், சிவப்புப் பூ ஒன்றில் என்று மடித்த இரண்டு பொட்டலத்தையும் சந்நிதியில் வைத்து, யாரோ ஒரு சின்னப் பெண் குழந்தையை எடுக்கச் சொன்னோம். பிரித்தால் வெள்ளை. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் மற்றப் பொட்டலத்தையும் வாங்கிப் பிரித்து, உள்ளே சிவப்புத்தானா என்று சரிபார்த்துவிட்டு, நிதானமாகப் படி இறங்கினார். பாதி மலையில் நின்றார்.

"வாங்குன்னுதான முருகன் சொல்லிருக்காரு? முழுசா வாங்குன்னு சொல்லலையே. சாமானா வாங்குறேன்."

அக்கா முருகனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் எதையும் பிரிக்கவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் சேர்க்கிற வீடியோ. சாப்பிடும்போதும் வீடியோ. பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டு பாடம் வேறு.

"புராசஸரும் போர்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும் தம்பி. பெரிய எடத்துச் சாமானுன்னு ரெண்டையும் பிடிச்சுக் கட்டி வச்சா ஆயுசு பூரா மல்லுக்கு நிக்கும். பொருத்தம் பாக்கணும். அடுத்தவன் அடைச்சுக் குடுத்த பொட்டியில இதெல்லாம் எவன் பாக்குறான்? நம்ம கண்ணால பாத்து, நம்ம எடுக்கணும்."

சரசு அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார்.

"இதையேதான உங்க மகளும் சொன்னா? நீங்க அடைச்சு வச்ச பொட்டி வேணாம், நானே பொருத்தம் பாத்து எடுத்துக்கிட்டேன்னு. அப்ப எம்புட்டுக் குதி குதிச்சீக?"

அண்ணன் டெஸ்டரை எடுத்தார். அதன் மூடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி மாட்டினார். நான் மெதுவாக எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஒரு வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, சேர்ப்பது என்று முடிவானது. நான் கீழே இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஊர்க் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கிற சீர்ச் சாமானைக் கூடம் நிறையப் பரப்பி வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அதே மாதிரி அண்ணன் பாய் விரித்துத் தாம்பாளம் தாம்பாளமாகப் பரப்பியிருந்தார். ஒரு தாம்பாளத்தில் போர்டு, ஒன்றில் புராசஸர், வெற்றிலை பாக்கு நடுவே கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், எல்லாம் அண்ணன் கையால். தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் மொய்க் கவரோடு வந்து, எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

"மக கல்யாணத்துக்குத்தான் ஒண்ணும் பரப்பலைல்ல" என்று சரசு அக்கா என் காதோரம் சொன்னார்.

மத்தியானத்துக்குள் அண்ணன் சேர்த்து முடித்தார். பாயை உதறிப் பார்த்தார். தாம்பாளங்களைக் கவிழ்த்துப் பார்த்தார். மிச்சம் ஒரு திருகாணிகூட இல்லை. வாழ்க்கையில் முதல் தடவை. மனுஷர் கலங்கிப்போனார்.

பொத்தானை அமுக்கினார். காத்தாடி சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஊர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, காபி குடித்துவிட்டுக் கலைந்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் ஒயரை இப்படியும் அப்படியும் மாற்றினார். கடைக்காரரைக் கூப்பிடலாம் என்றேன். "வேணாம்" என்றார். "எம் மக சொன்னது உண்மையாப் போயிரும்" என்று மட்டும் சொன்னார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா யாரையும் கேட்கவில்லை. மகளுக்கு வீடியோ காலைப் போட்டு, திரை எரியாத கதையைச் சொல்லி, போனைச் சொம்பில் சாய்த்து, அந்தத் திறந்த பெட்டிக்கு நேரே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அண்ணனின் முகம் அதில் தெரியாது. கை மட்டும் தெரியும்.

பிறகு கார்த்திகாவின் குரல் வந்தது.

"அப்பா… அந்த ராமைக் கழட்டுங்க."

வருஷம் ஒன்று கழித்து அப்பாவிடம் மகள் பேசிய முதல் பேச்சு. கழற்றச் சொல்லி. அதுவும் யாரிடம்! அண்ணன் ராம் என்கிற அந்தச் சின்னப் பலகையை நொடியில் உருவிப் போனுக்கு நேரே காட்டினார். அதன் கீழ் விளிம்பில், போர்டைத் தொட வேண்டிய அந்தத் தங்க நிறப் பற்களின் மேல், சந்தனமும் குங்குமமும் அப்பிக் காய்ந்திருந்தது.

"ஐயோ அப்பா, ராமுக்கு யாருப்பா பொட்டு வச்சது!" கார்த்திகா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அண்ணன் துண்டு நுனியால் பொட்டைத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"மாமா… ரப்பர் வச்சு மெதுவாத் தேய்ங்க. சரியாப் போயிரும்."

சரசு அக்கா அடுப்படி வாசலில் சிலையாக நின்றார். அண்ணன் ராமையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷர் இப்போது எழுந்து போனால் எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"எந்த ரப்பர்? பென்சில் அழிக்கிற ரப்பரா, மாப்ள?"

"ஆமா மாமா. அதேதான்."

அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். நான் மாடிக்கு ஓடி என் ரப்பரைக் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணன் தேய்த்தார், ஊதினார், மாட்டினார், பொத்தானை அமுக்கினார். திரை வெளிச்சமானது.

"சேத்துட்டேன் ஆத்தா" என்றார் போனைப் பார்த்து. இந்தத் தடவை முகத்தைக் காட்டி.

அதற்கப்புறம் எனக்குச் சாயங்காலங்களில் ரேடியோ தேவைப்படவில்லை. கீழேயிருந்து துப்பாக்கிச் சத்தமும் அதை மீறி அண்ணன் சத்தமும் வரும். குண்டு மழையிலும் மாமன் மாப்பிள்ளை மரியாதை குறையாது.

"மாப்ள, அங்குட்டுப் போகாதீக! கூரை மேல ஒருத்தன் நிக்கிறான்! இங்குட்டு வாங்க, எம் பின்னால நில்லுங்க!"

"மாமா, நீங்க மொதல்ல சுடுங்க மாமா!"

"இருங்க மாப்ள, துப்பாக்கியைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்!"

நான் மாற்றலாகித் திருச்சிக்கு வந்துவிட்டேன். வீடு காலி செய்கிற அன்று அண்ணன் என் பழைய ஃபேன் கிடந்த அந்த அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, "சேத்துத் தரவா தம்பி?" என்று கேட்டார். அடுத்த தடவை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே வாங்கிய புது ஃபேன் போன வாரத்திலிருந்து கிரீச் கிரீச்சென்கிறது. என் வீட்டுக்குக் கீழேயே நல்ல ரிப்பேர் கடை இருக்கிறது. ஃபேனைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு எடுத்துக்கொண்டு போக. திரும்பி வராது என்று தெரியும். அந்த மனுஷரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.