எழுந்திருக்க அனுமதி

வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருக்கும் அண்ணன் ஃபுல்க் அவர்களுக்குத் தங்கை ஐடோனியா பணிந்து எழுதுவது. தேவமாதா கிருபையால் இங்கே ஆடுகள் நலம். அண்ணியின் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

அன்று எங்கள் படுக்கையறையில் இருந்தவர்கள்: நோய் உண்மைதானா என்று பார்த்துவர நீதிமன்றம் அனுப்பிய குதிரை வீரர்கள் நால்வர், நான், கட்டிலில் என் கணவர் ஆஸ்பெர்ட். கால்சட்டை இல்லாமல் படுத்திருந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்கு ஒருவன் நோயாளி என்பதால், அதை மாவுப் பெட்டியில் ஒளித்திருந்தேன். ஆற்றங்கரைப் புல்வெளி தன்னுடையது என்று பக்கத்து வீட்டு ஹேமோ வழக்குப் போட்டானே, அதைத் தள்ளிப்போட இவர் கண்ட வழி இந்தப் படுக்கை. “என்னய்யா பண்ணுது?” என்றார் வீரர்களில் மூத்தவர். “எல்லாமே பண்ணுதுங்க” என்றார் இவர். நாங்கள் வேண்டியது அறுப்பு முடியும்வரை. அவர்கள் மனமிரங்கி ஒரு வருஷமும் ஒரு நாளும் கொடுத்துவிட்டார்கள்! அதற்குள் மன்றத்தின் அனுமதியில்லாமல் எழுந்து நடமாடினால் புல்வெளி ஹேமோவுக்கு. அப்பா காலத்தில் வழக்கென்றால் ராஜா போகிற ஊரெல்லாம் அவர் குதிரைக்குப் பின்னால் ஓட வேண்டும். இப்போது மன்றம் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டது, என் கணவர் படுத்துவிட்டார்.

ஹேமோ வேலியோர மரத்தில் ஏறிக்கொண்டு ஜன்னலையே பார்க்கிறான். “என்ன அண்ணி, நோயாளிக்குக் கன்னம் உப்பிக்கிட்டே போவுது?” என்று கத்துகிறான். ஈஸ்டருக்குப் பாதிரியார் நற்கருணை அப்பத்தைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார். நோயில் பொறுமை பற்றி அவர் உருக, இவரும் உருகினார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. புல்வெளி எங்களுடையதுதான் அண்ணா. உண்மைக்குக் காவலாக ஏன் ஒரு பொய்யை நிறுத்தினோம் என்றுதான் புரியவில்லை.

புல்வெளி போனால் ஆடுகளும் போகும். எழுந்திருக்கும் அனுமதியை எப்படியாவது வாங்கி அனுப்புங்கள். கர்த்தர் உங்கள் கண்களையும் இறகுப் பேனாவையும் காப்பாராக.

பி.கு.: அனுமதி வேண்டாம். மடலுக்கு முத்திரை வைக்கும் முன்பே ஹேமோ மரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அவன் மனைவி அழுதுகொண்டு ஓடிவந்தாள். இந்தப் பக்கத்தில் எலும்பு சேர்த்துக் கட்டத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். என்னைக் கேட்கக்கூட இல்லை, எழுந்து ஓடினார். நானும் பின்னால் போய், காலோடு வைத்துக் கட்டும் பலகையைப் பிடித்தேன்.

“எந்திரிச்சிட்டே! பாத்துட்டேன்!” என்று அந்த வலியிலும் அலறினான் ஹேமோ.

“அசையாதடா. கால் கோணிக்கிட்டா கோர்ட்டுக்கு எப்படி நடந்து போவே?” என்றபடி இவர் கட்டினார்.

கட்டி முடியும்வரை அவன் இவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். மனதில் என்ன இருக்கிறதோ தெரியாது. இப்படி எழுந்ததையும் சட்டம் எழுந்ததாகத்தான் கொள்ளுமா அண்ணா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.