இடது முன்சக்கரத்தின் ஈரம்

ரெக்ஸ் இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்தான். பிசுபிசுத்தது.

"டயானா, பிரேக் ஆயில் லீக்கு."

"நாலு மணிக்கு ஏரலுக்குக் கிளம்பணும்னு அம்மா சேலை கட்டுதாவ."

இந்தப் பழைய காரை வாங்கிய நாளிலிருந்து மாமியார் பிளாரன்ஸ் அதைக் காயலான் கடைச் சரக்கு என்றே சொல்லிவந்தாள். இன்றுதான் ஏறச் சம்மதித்திருந்தாள். கார் கிளம்பாவிட்டால் ரெக்ஸுக்கு ஆயுசுக்கும் அந்தப் பேச்சுதான்.

"வாங்குன வண்டிய முதல்ல கோயில்ல மந்திரிக்கணும்னேன். கேட்டியளா?" என்றாள் டயானா.

"ஏளா, இரும்புக்கு எதுக்கு மந்திரிப்பு? ஸ்பேனர எடு."

அவன் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் என்ஜின் ஃபிட்டர். கார் அவனுக்கு விளையாட்டுச் சாமான்.

பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தான். மேல்கோடு வரை இருந்தது.

"குறையவே இல்லிய?" என்றாள் டயானா.

"வித்தவன் ரொப்பிக் குடுத்திருக்கான். பலே கள்ளன்."

சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்கைக் கவ்வும் காலிப்பரின் அடியில் ஈரம் மின்னியது. துணியால் துடைத்தான். ஆயில் குழாயைப் பிடித்திருக்கும் ஹோஸ் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அவனே தீர்ப்புச் சொன்னான்.

உள்ளேயிருந்து பிளாரன்ஸின் குரல் வந்தது. "வண்டி ரெடியா மருமவன?"

"ஒரே ஒரு போல்ட்டு மாமி. முறுக்கிட்டா முடிஞ்சுது."

ஸ்பேனரில் இரண்டடிப் பைப்பைச் செருகி, கப்பலுக்கு முறுக்குவதுபோல் முறுக்கினான். போல்ட்டின் தலை கையோடு வந்தது. இப்போது நிஜமாகவே ஒழுகியது.

"ஆட்டோ சொல்லட்டா?"

"ஆட்டோ வந்தா நான் செத்தேன்."

படகு ஓட்டை அடைக்கும் பசையை அள்ளி அப்பினான். "பெடல மிதி."

டயானா மிதித்தாள். பசை பிய்ந்து, ஏரலுக்கென்று தேய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் ஆயில் பீய்ச்சியது. பெடல் தரையோடு போனது, திரும்பவில்லை.

மூன்றே முக்காலுக்கு மெக்கானிக் ஆன்டனி வந்தான். ரெக்ஸின் சட்டையை மோந்தான். பிறகு அவன் முதலில் துடைத்த துணியை மோந்தான்.

"ஏலே, சட்டையில இருக்கது பிரேக் ஆயிலு. துணியில இருக்கது வேற."

"வேறன்னா?"

"தேங்கா எண்ணெ."

"காலிப்பர்ல எவம்ல தேங்கா எண்ணெ ஊத்துவான்?"

பட்டுச்சேலையும் கைப்பையுமாகப் பிளாரன்ஸ் வாசலுக்கு வந்தாள்.

"சாமியார் மந்திரிச்சுத் தந்த எண்ணெ. நாலு சக்கரத்துக்கும் காணாது, அதான் நான் உக்காருத பக்கம் மட்டும் ஊத்துனேன்."