சார்மினார் பார்க்கப் போன தாய்மாமன் மடி

இரண்டு சுருதியில் மாற்றி மாற்றி அலறும் லாரி ஏர்ஹார்ன் எங்கே கேட்டாலும் என் கால்கள் தாமாகச் சம்மணம் போடப் பார்க்கின்றன. நாமக்கல்லில், மோகனூர் சாலை ஓரத்தில் குடியிருப்பவனுக்கு வரக்கூடாத வியாதி இது. இங்கே அந்தச் சத்தம் காக்கைக் குரல் மாதிரி. விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பேன், சாலையில் ஒரு லாரி கூவும், முழங்கால் மடங்கும். பக்கத்தில் நிற்கும் என் மனைவி கோமதி முறைப்பாள்.

"விரிக்க வேண்டிய நேரத்துல மடிய விரிக்கோணும். கடை வாசல்ல அல்ல."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காது. உங்களுக்கும் விளங்காது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

வண்டி நின்றால் எனக்கு இறங்கியாக வேண்டும். அதுதான் மூலம். சேலம் போகும் பேருந்து ராசிபுரத்தில் சற்றே மூச்சு வாங்கினால் போதும், நான் கீழே இருப்பேன். நெய் உருக்கும் வாசனை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று மூக்கை நீட்டிக்கொண்டே நடந்து, திரும்பி வந்து எதிர்த்திசைப் பேருந்தில் ஏறி, நாமக்கல்லிலேயே மறுபடியும் இறங்கியிருக்கிறேன். கவிதை எழுதுகிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருப்பதால் மன்னித்து வைத்திருக்கிறார்கள். (வசன கவிதை. வரியை உடைக்காமல் எழுதுவது. "உடைக்கலைன்னா அது எதுக்குங்க கவிதை?" என்று தங்கை மாப்பிள்ளை கேட்டார். பதிலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

அந்த மாப்பிள்ளைக்குத் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை வைத்துக்கொண்டு ராய்ப்பூரில் தொழில் செய்கிறார். என் தங்கை சுகந்தியும் அங்கேதான். அவர்கள் மகள் இனியாவுக்கு ஐந்து வயதாகியும் காது மூளியாகவே இருந்தது. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். அவளுக்கு வாய்த்தது ஒரே தாய்மாமன், அதுவும் நான். ஒரு முறை கவியரங்கத்துக்குப் போய்விட்டேன். இன்னொரு முறை ரயிலிலிருந்து எங்கோ இறங்கிவிட்டேன். மூன்றாம் முறை நாள் குறித்ததும் சுகந்தி போனில் சொன்னாள்:

"அண்ணா, இந்தத் தடவையும் ஏமாத்திப்போட்டீங்கன்னா அந்த மடிய நீங்களே வெச்சுக்குங்க. அது மேல பேப்பர வெச்சுக் கவிதை எழுதிக்குங்க."

சரி என்றேன். இந்த முறை விமானம். நடுவானில் இறங்க முடியாது என்று கோமதி செய்த ஏற்பாடு. சேலம் காமலாபுரத்தில் ஏறி, ஹைதராபாத்தில் மாறி, சாயங்காலம் ராய்ப்பூர். மறுநாள் காலையில் காதுகுத்து. கோமதி எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், ஒன்றைத் தவிர. நடுவில் ஹைதராபாத்தில் அரை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவள் ஒரு நாற்காலியைப் பிடித்து, கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். பைக்குள் நாங்கள் போட வேண்டிய தங்கத் தோடு. என் பட்டுக்கரை வேட்டியோ பெட்டியோடு நேரே ராய்ப்பூருக்குப் போய்விடும்.

"இங்கியே உக்காந்துக்கலாமுங்க. ஏசி இருக்குது. புளிசாதம் இருக்குது. இன்னும் என்ன வேணும்?"

"ஒரு மாநகரத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டு அதன் முகத்தைப் பார்க்காமல் போவது அந்த நகரத்தை அவமதிப்பது, கோமதி" என்றேன். (அப்போதெல்லாம் நான் வீட்டிலும் இப்படித்தான் பேசுவேன்.)

"அது ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க. சார்மினாரு எங்கீம் போயிராது. இன்னொரு நாளைக்குப் பாருங்க."

"போனதும் வந்துவிடுவேன்."

"வாரேன்னு போனவரு ராசிபுரத்துலயிருந்தே வந்து சேரலை..." அவள் முடிப்பதற்குள் நான் வெளியே இருந்தேன்.

நகரத்துக்குப் போகும் பேருந்து வழுக்கிக்கொண்டு போனது. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணயர்ந்திருந்தன. அவற்றின் மேல் அடுக்கு மாடிகள் முளைத்திருந்தன. நான் உருகிக்கொண்டிருந்தபோது நெரிசலில் பேருந்து நின்றது. நின்றதா, இறங்கிவிட்டேன். நடந்தே போய்விடலாம் என்று தோன்றியது. அந்த எண்ணம் எந்தக் கணக்கில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒருவரிடம் சார்மினார் என்றேன், கிழக்கே கை காட்டினார். அடுத்தவர் மேற்கே. ஒரு டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆகாயத்தைக் காட்டினார். தெலுங்கில் கேட்டதற்கு இந்தியிலும், இந்தியில் கேட்டதற்கு உருதுவிலும் பதில் வந்தது. நான் கேட்டது எந்த மொழி என்பதே சந்தேகம்தான். ஒரு முத்துக் கடை, ஒரு பிரியாணிக் கடை, ஒரு மருந்துக் கடை என்று தெரு போய்க்கொண்டே இருந்தது. திரும்பி நடந்தால் அதே மருந்துக் கடை, பிரியாணிக் கடை, முத்துக் கடை. போகிறேனா வருகிறேனா என்பது தெரியாத ஒரு நிலை. ஞானிகள் தவமிருந்து அடைவது அதைத்தான் என்று எண்ணிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஞானம் போய்விட்டது. இப்போது கிளம்பினால்தான் விமானம்.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. "ஏர்போர்ட்?" என்றார் ஓட்டுநர். "ஏர்போர்ட்" என்றேன். அந்த ஊரில் எனக்கும் எதிராளிக்கும் முழுசாகப் புரிந்த முதல் பேச்சு அதுதான். ஒரு காலை உள்ளே வைத்தேன். அந்த மனிதர் என்னை நேரே கொண்டுபோய் வாசலில் இறக்கியிருப்பார். நீங்களும் இதைப் படிக்க வேண்டியிருந்திருக்காது.

அப்போதுதான் அந்த ஏர்ஹார்ன். இரண்டு சுருதி, நம்ம ஊர்ச் சுருதி. திரும்பினால் சாலையோரம் ஒரு லாரி. நெற்றியில் டி.என். 28. நாமக்கல் வண்டி! உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தேன். ஆட்டோக்காரர் ஏதோ சொன்னார். நல்ல வேளை, புரியவில்லை.

"தமிழுங்களா?" என்று லாரியைப் பார்த்துக் கத்தினேன்.

"அட, நம்மாளு!" மேலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "எங்கீங்க சாமி போகோணும்?"

"ஏர்போர்ட்டுங்க."

"அந்த வழியாத்தானுங்க ஊருக்குப் போறேன். ஏறுங்க, முக்குல எறக்கி உட்டர்றேன்."

அவர் பெயர் செங்கோடன். ஊர் சங்ககிரிப் பக்கம். நாக்பூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிறவர். அவருடைய சாலை ஹைதராபாத், பெங்களூரு, சேலம், நாமக்கல் என்று நேரே கீழே இறங்குவது. விமான நிலையம் அதன் ஓரத்தில் இருக்கிறது. இதுவரை எல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் இருவர் வெளியூரில் சந்தித்தால் சும்மா இருக்க முடியாது. நீ எனக்கு என்ன முறை என்று கண்டுபிடிக்காமல் வாய் மூடாது.

"நாமக்கல்லுல எங்கீங்க?"

"மோகனூர் ரோடுங்க."

"அங்க கோழிப்பண்ணை ராமசாமியத் தெரியுங்களா?"

"எங்க பெரியம்மா ஊட்டுக்குச் சம்பந்திங்களே!"

"அட சாமி! அவரு சம்சாரம் எங்க சித்தப்பன் புள்ளைங்க. அப்ப நீங்க எனக்கு மச்சான் முறை ஆகுதுங்க."

ஸ்டியரிங்கை விட்டுக் கை கொடுத்தார். நான் நெகிழ்ந்தேன். ஆனாலும் ஒரு நெருடல். "இருங்க. எங்க சின்னம்மாவைச் சங்ககிரியிலதான் கட்டிக்கொடுத்தது. அந்த வழியில பார்த்தா..."

"அந்த வழியில பார்த்தா நாம பங்காளிங்க" என்றார், குரல் இறங்கி.

"மச்சானும் பங்காளியும் ஒரே ஆளாக இருக்க முடியாதுங்களே?"

"அதானுங்களே! எங்கியோ ஒரு முடிச்சு தப்பா உழுந்திருக்குது. மறுக்கா ராமசாமிகிட்டயிருந்து வருவமுங்க."

மறுக்கா வந்தோம். அப்போது ஒரு விமானம் லாரிக் கூரையைத் தொடுவதுபோல் தாழப் பறந்து போனது. அதன் நிழல் எங்களைத் தடவிவிட்டுப் பின்னால் போய் இறங்கியது. "எவ்வளவு கிட்டத்துல போகுது பாருங்க!" என்றேன். அதைக் கவிதையாகப் பார்த்தேனே தவிர, பின்னால் போகிறதே என்று பார்க்கவில்லை.

செல்போன் அடித்தது. கோமதி.

"எங்க இருக்கறீங்க? கூப்படறாங்க, எல்லாரும் வரிசையில நிக்கறாங்க."

"வந்துட்டேன், வந்துட்டேன். பெங்களூரு போர்டு தெரியுது."

அந்தப் பக்கம் கோமதி போனை வைத்துவிட்டாள். இந்தப் பக்கம் செங்கோடன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வண்டி உறுமி நின்றது.

"ஐயோ சாமி! முக்கு அப்பவே போயிருச்சுங்க!"

எவ்வளவு முன்னே என்று இருவருக்கும் தெரியவில்லை. மச்சானாக இருந்தபோதா, பங்காளியான பிறகா என்பதிலும் குழப்பம். அந்தச் சாலையில் அவ்வளவு பெரிய லாரியைத் திருப்ப வழியில்லை. அவர் கீழே குதித்து, தடுப்பைத் தாண்டி, எதிரே வந்த ஒரு தக்காளி வேனை இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தி, என்னைத் தூக்காத குறையாக ஏற்றிவிட்டார்.

வேனுக்குள் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது மறுபடியும் கோமதி.

"ஏனுங்க, கதவச் சாத்தப் போறாங்களாம். நான் ஏறட்டுமா, இருக்கட்டுமா?"

"ஏறு கோமதி. தோடு உங்கிட்டத்தானே இருக்கு."

"தோடு எங்கிட்ட இருக்குதுங்க. மடி உங்ககிட்டயல்ல இருக்குது!"

அத்துடன் தொடர்பு போய்விட்டது. அந்த வரியைத் தாண்டி ஒரு வரி நான் இதுவரை எழுதியதில்லை.

கோமதி ஏறிப் போய்விட்டாள். எனக்கு அடுத்த விமானம் மறுநாள் மதியம். காதுகுத்து நேரமோ காலையில். ராய்ப்பூரில் நம்மவர்கள் கட்டிய முருகன் கோயிலில் வாழையிலை வரை எல்லாம் தயார். காது குத்தத் திருச்செங்கோட்டிலிருந்தே ஓர் ஆசாரியைக் கூட்டிப் போயிருந்தார்கள். மாமன் மட்டும் பாக்கி. சுகந்தி என்னுடன் பேசவில்லை. காலையில் மாப்பிள்ளைதான் கூப்பிட்டார்.

"மச்சான், நல்ல நேரம் போகுதுங்க. பெரியவங்க பேசி முடிவு பண்ணிட்டோம். கோமதியக்கா மடியில உங்க வேட்டிய விரிச்சுப் புள்ளைய உக்கார வெக்கறோம். வீடியோ கால் போடறேன். நீங்க அங்க மடிய விரிச்சு உக்காருங்க."

"எங்கே உட்காருவது?"

"மடி இருக்கற எடத்துலதானுங்க!"

விமான நிலையத்தின் நடுக்கூடத்தில், செல்போன் சார்ஜ் போடும் தூணின் அடியில், தக்காளிச் சாறு காய்ந்த பேண்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். காவலர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். குற்றம் எதுவென்று அவருக்கும் பிடிபடவில்லை. காலியான என் மடியைப் பார்த்து எங்கிருந்தோ தத்தித் தத்தி வந்த ஒரு குழந்தை அதில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. அதன் காதில் ஏற்கனவே தோடு இருந்தது. அதன் அம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

திரையில் சிறிது நேரம் பந்தல், சிறிது நேரம் யாரோ ஒருவரின் காது. "மாமனும் மடியில இருக்கோணுமில்ல?" என்று ஒரு குரல் கேட்டது. யாரோ செல்போனைக் கோமதியின் மடியில், என் வேட்டி மடிப்புக்குள் செருகிவிட்டார்கள். முழு இருட்டு. தாய்மாமனாக நான் கண்டது என் வேட்டியின் உட்புறத்தை மட்டும். பிறகு இருட்டைக் கிழித்துக்கொண்டு ஓர் அலறல். அதன்பின், அழுகைக்கு நடுவே, தெளிவாக இனியாவின் குரல்:

"இந்தக் காதுக்கு மாமா வரணும்! மாமா வந்தாத்தான்!"

மற்ற காதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டுவிட்டாளாம். பாவாடை, பொம்மை, லட்டு எதற்கும் கை விலகவில்லை. ஆசாரிக்கு அன்று சாயங்காலம் ரயில். "ஒத்தக் காதோட புள்ளைய உட்டுட்டுப் போகக் கூடாதுங்க. ரயிலு போனாப் போகுது" என்று ஊசியைத் துணியில் சுற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

ராய்ப்பூரில் இறங்கியதிலிருந்து கோயில்வரை வண்டி எத்தனையோ இடத்தில் நின்றது. நான் இறங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பந்தலில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சுகந்தி இனியாவைத் தூக்கி என் மடியில் வைத்தாள்; என் முகத்தைப் பார்க்கவில்லை. இனியா பார்த்தாள். ஒரு காதில் தோடு, கன்னத்தில் காய்ந்த கண்ணீர்.

"மாமா, சார்மினார் எப்படி இருந்துச்சு?"

"பாக்கலீங்க சாமி."

அவள் கண்கள் விரிந்தன. "அப்புறம் எதுக்குப் போனீங்க?"

என்ன சொல்வது? நான் வாயைத் திறந்தேன், மூடினேன். பந்தலே என் வாயைப் பார்த்தது. இனியாவும் பதிலுக்காக அசையாமல் காத்திருந்தாள். அந்த நொடியில் ஆசாரி குத்திவிட்டார். அவள் அழ மறந்துவிட்டாள். கத்தியது நான். முதலில் சிரித்தது சுகந்தி.

இரண்டு ஓட்டைகளும் ஒரே உயரத்தில் அமையவில்லை. காலையில் துள்ளிய காதில் தோடு கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. மத்தியானத்துக் காதில் ஒழுங்காக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அவளுக்கு இடது காது, வலது காது கிடையாது. வேட்டிக் காது, மாமன் காது. தலை பின்னும்போது "மாமன் காதுப் பக்கம் திரும்பு" என்கிறாள் சுகந்தி. செங்கோடனும் இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்துபோகிறார். மச்சானா பங்காளியா என்பது இன்னும் தீரவில்லை. பந்தியில் இரண்டு பக்கத்தாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஏர்ஹார்னை ஒருமுறை அடிப்பார். என் கால் மடங்கும்.

ராய்ப்பூரிலிருந்து திரும்பும்போதும் ஹைதராபாத்தில்தான் மாற வேண்டியிருந்தது. வழியனுப்ப வந்த இனியா விமான நிலைய வாசலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுத்தோடுகள் மேலும் கீழுமாக மின்னின. கோமதி அவள் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். இனியா பெரிய மனுஷியாகத் தலையை ஆட்டிவிட்டு, என்னைக் குனியச் சொல்லி, நிதானமாகச் சொன்னாள்:

"சார்மினாரு எங்கீம் போயிராது மாமா. நீங்களும் எங்கீம் போயிராதீங்க."